கிழங்கு வெளியீட்டு விழா

எழுத்தாளர் இறந்த பதினோராம் நாள் காலை, அவருடைய மனைவி உருளைக்கிழங்கு வயலில் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தாள். சாலையோரம் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் கோப்பு, ஒருவர் கையில் அளவு நாடா, மூன்றாமவர் கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவர்தான் மேலதிகாரி என்று சரியாக ஊகித்து, அவள் அவரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

சந்தையில் அவளைக் கிழங்கக்கா என்பார்கள். முப்பது வருடமாக அந்த வயலில் அவள் போட்டு எடுக்கும் கிழங்கு வாங்கிக் கொடுத்த பெயர் அது. புத்தக உலகத்தில் அவளுக்குப் பெயர் எதுவும் கிடையாது. அங்கே பெயரெல்லாம் கணவருக்குத்தான். இருபத்திரண்டு புத்தகங்கள் எழுதியவர். எல்லாப் புத்தகத்தின் பின் அட்டையிலும் ‘மண்ணோடு வாழும் எழுத்தாளர்’ என்று போட்டிருக்கும்.

“நாங்க அமரர் போற்றுதல் பேரவையிலேருந்து வர்றோம்மா” என்றார் மேலதிகாரி. “நான் செயலர். உங்க கணவரோட வாழ்க்கையைப் போற்றணும்னு நேத்து தீர்மானம் நிறைவேறியிருக்கு.”

“அவர் உங்களுக்குப் பதினாலு கடிதம் எழுதினாரே சார். அதுக்கு என்ன ஆச்சு?”

செயலர் கோப்புக்காரரைப் பார்த்தார். கோப்புக்காரர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “பதினாலுக்கும் பதில் போயிருக்கு சார். உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்னு” என்றார்.

“பாருங்க, இப்ப உரிய காலம் வந்துடுச்சு” என்றார் செயலர் மனநிறைவோடு. “உயிரோட இருக்கிறவங்களைப் போற்றினா பல சிக்கல்மா. நாளைக்கே இன்னொரு புத்தகம் எழுதிடுவாங்க. அது நல்லா இல்லைன்னா பேரவை எங்கே போய் முகத்தை வெச்சுக்கும்? செத்தவங்க அந்த விஷயத்துல ரொம்ப நம்பகமானவங்க.”

செத்தவர் பல விஷயங்களில் நம்பகமானவராக இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கிப்போன அவளுடைய கத்தரிக்கோல் ஏழு வருடம் கழித்து ஒரு அகராதிக்குள் கிடைத்தது.

நினைவுக் கூடத்துக்குப் பொருட்கள் சேகரிக்க வந்திருப்பதாகச் செயலர் விளக்கினார். முதலில் அவர் கண்ணில் பட்டது அவள் கையிலிருந்த மண்வெட்டி.

“இதை அமரர் தொட்டிருக்காரா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். “ஒரு தடவை தடுக்கி விழுந்தாரு சார்.”

கோப்புக்காரர் எழுதிக்கொண்டார்: ‘அமரரின் உடலோடு நேரடித் தொடர்பு கொண்ட மண்வெட்டி, ஒன்று.’ நாடாக்காரர் அதை அளந்தார். பிறகு அதைத் துணியில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திப் போய்க் காரில் வைத்தார்கள். அடுத்து வயலோரம் கிடந்த மர நாற்காலி. அதற்கு ‘அமரர் அமர்ந்தது’ என்று சீட்டு ஒட்டினார்கள்.

நாற்காலியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திருமணமான முதல் வருடம் எழுத்தாளர் மிகுந்த ஆர்வத்தோடு வயலில் இறங்கினார். ஒரு காலைப்பொழுது முழுவதும் வியர்க்க விறுவிறுக்கக் களை பிடுங்கினார். பிடுங்கி முடித்தபோது வயலில் களை மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்கு அவள்தான் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து வரப்போரம் போட்டு, “நீங்க இங்கேயே உக்காந்து பாத்துக்கோங்க” என்றாள். அவர் முப்பது வருடம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். பார்த்ததை எழுதினார். பார்வைக்கு எட்டாததைச் சாப்பிடும்போது அவளிடம் கேட்டு எழுதினார். அவரையும் குறை சொல்ல முடியாது. முதல் புத்தகத்தின் முன்னுரையிலேயே ‘எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லாம் என் மனைவி சொன்னது’ என்று எழுதியிருந்தார். பக்கம் அதிகமாகிறது என்று பதிப்பகத்தார் முன்னுரையை எடுத்துவிட்டார்கள்.

“இனிமே நான் எதை வெச்சு சார் கொத்துறது?” என்று கேட்டாள்.

“நினைவுப் பொருளை இரவல் வாங்கப் படிவம் இருக்கும்மா” என்றார் செயலர். “ஆனா ஆராய்ச்சிக்கு மட்டும்தான். மண்ணு படக்கூடாது.”

பேரவைக்கு இரண்டு மாடிகள். மேல்மாடியில் இலக்கியப் பிரிவு, கீழ்மாடியில் உழவர் பிரிவு. எழுத்தாளரின் கோப்பு எந்த மாடிக்குப் போகவேண்டும் என்பதில் முதல் சிக்கல் வந்தது. அவர் எழுத்தாளர், பொழுதுபோக்குக்காக விவசாயம் செய்தவர் என்றது மேல்மாடி. அவர் உழவர், ஓய்வு நேரத்தில் எழுதியவர் என்றது கீழ்மாடி. ‘எழுத்தாளர்-உழவர்’ என்று போடுவதா, ‘உழவர்-எழுத்தாளர்’ என்று போடுவதா என்று மூன்று வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு நடுவில் வரும் சிறு கோடு எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு நன்றாக ஆராய்ந்து, ஆளுக்கொரு கோடு வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் எல்லாம் அவர் பெயருக்கு நடுவில் தண்டவாளம்போல இரண்டு கோடுகள் ஓடின.

அடுத்த சிக்கல் பெரியது. மதிப்பான எழுத்தாளர் என்றால் இறக்கும்போது முடிக்காத படைப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. இவர் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இலக்கியப் பிரிவு வீடு முழுக்கத் தேடிப் பார்த்தது. கிடைத்தது ஒரு சலவைச் சீட்டு. அதிலும் எல்லா உருப்படியும் திரும்பி வந்து சேர்ந்துவிட்டதாகக் குறித்திருந்தது. அவர்கள் சோர்ந்திருந்த நேரத்தில் உழவர் பிரிவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் கண்மூடியபோது வயலில் பயிர் பூத்து நின்றதல்லவா? அதுதானே முடிக்காத படைப்பு?

பேரவை வரலாற்றில் முதல்முறையாக இரண்டு மாடிகளும் ஒத்துப்போயின.

செயலர் மறுபடி வந்தார். இந்த முறை வயலைச் சுற்றிக் கயிறு கட்ட ஆட்களும் வந்தார்கள். ‘அமரரின் இறுதிப் படைப்பு. தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை நட்டார்கள்.

“நாப்பத்தஞ்சு வரிசை இருக்கும்மா” என்றார் செயலர். “வரிசைன்னா என்ன? வரி. நாப்பத்தஞ்சு வரி. அவர் மண்ணுல எழுதிட்டுப் போயிருக்காரு.”

“அது நான் நட்டது சார்.”

செயலர் நெகிழ்ந்துபோய்க் கோப்புக்காரரைப் பார்த்து, “பணிவு” என்றார். கோப்புக்காரர் ‘பணிவு’ என்று எழுதிக்கொண்டார்.

“பணிவெல்லாம் இல்லை சார். கிழங்கு இன்னும் ஒரு மாசத்துல முத்திடும். அதுக்கப்புறம் மழைக்காலம். அதுக்குள்ள தோண்டலைன்னா மண்ணுக்குள்ளேயே அழுகிடும். அடுத்த நடவுக்கு விதையும் இதுலேருந்துதான் எடுக்கணும். இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்லை.”

“உங்க சம்மதம் வாங்கியாச்சேம்மா” என்று செயலர் ஒரு தாளைக் காட்டினார்.

கையெழுத்துப் போட்டிருந்தவள் நாத்தனார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்ணன் வீட்டிலேயே இருக்கிறவள். தாளை யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடுவது அவளுக்குச் சுபாவம்.

“அண்ணனுக்குப் பெருமைதானேன்னு போட்டேன் அண்ணி” என்றாள், முந்தானையைத் திருகிக்கொண்டே.

“என்னன்னு படிச்சுப் பாத்தியா?”

“படிச்சேன். நல்ல தமிழ்ல இருந்துச்சு. ஒண்ணும் புரியலை.”

வயலுக்கு ஒரு காவலரும் நியமிக்கப்பட்டார். அவருக்குப் பேரவை ஒரு விசிலும் ஒரு விதிப்புத்தகமும் கொடுத்திருந்தது. கிழங்கக்கா கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தால் ஊதுவார். நேர்மையான மனிதர், ஆள் பார்த்து ஊதுகிற பழக்கம் இல்லை. காக்கைக்கும் ஊதினார், எலிக்கும் ஊதினார். எலிகள் விதிப்புத்தகம் படிக்காததால் வேலையைத் தொடர்ந்தன.

“களையாவது எடுத்துக்கறேனே” என்று அவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். “களை அடிக்குறிப்புல வருதும்மா. அடிக்குறிப்பை நீக்கணும்னா திருத்தம் கோரும் படிவம் மூணு பிரதி கொடுக்கணும்.”

இரண்டு வாரம் கழித்து வயலோரம் ஆய்வரங்கம் நடந்தது. கொட்டகை போட்டு, அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த திறனாய்வாளர் எழுந்து, ஒரு நீளக் குச்சியால் ஏழாவது வரிசையைச் சுட்டிக்காட்டினார். மற்ற வரிசைகள் நேராகப் போக, அது மட்டும் பாதியில் வளைந்து போயிருந்தது.

“ஆறு வரிகள் மரபாக வந்த படைப்பாளி ஏழாவது வரியில் மரபை உதறுகிறார்” என்றார். “இந்த வளைவு, ஒரு வாழ்நாள் முழுதும் நேராகவே நடந்த மனிதனின் மௌனமான கலகம். நான் இதைப் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறேன். நேரம் கருதி நூறு பக்கம் மட்டும் வாசிக்கிறேன்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிழங்கக்கா கையைத் தூக்கினாள். “சார், அங்க ஒரு பாறை இருக்கு. மண்வெட்டி இறங்கலை. அதான் சுத்திப் போயிருக்கேன்.”

திறனாய்வாளர் கண்ணை மூடித் திறந்தார்.

“பாறை” என்றார் மெதுவாக. “எனக்குத் தோணாமப் போச்சே. பாறைங்கிறது அதிகாரம். அம்மா, உங்களுக்குள்ளே ஒரு வாசகி இருக்காங்க.” நூறு பக்கமும் வாசித்துவிட்டு, பாறையைப் பற்றிக் கூடுதலாக அரைமணி நேரம் பேசினார்.

ஒரு மாதத்தில், அவள் சொன்னபடியே, தழை மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. கிழங்கு முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். காவலர் பதறிப்போய்த் தகவல் அனுப்பினார். அன்று பேரவைத் தலைவரே நேரில் வந்தார். உயரமான மனிதர். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். வாடிச் சாய்ந்துகிடந்த செடிகளை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“எழுதிய கை மறைந்ததும் எழுத்தும் வாடுகிறது. இந்தச் செடிகளுக்கு இருக்கும் நன்றி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?” என்று கேட்டார். கூட வந்தவர்கள் தலைகுனிந்தார்கள். செடிகளோடு சேர்ந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள்.

“கிழங்கு முத்துனா தழை காயும் சார்” என்றாள் அவள், மௌனம் முடியும்வரை பொறுத்திருந்து. “தோண்டணும். மேற்கால மேகம் கூடுது பாருங்க.”

தலைவர் மேகத்தையும் பார்த்தார். “வானமும் அழப்போகிறது” என்றார். கோப்புக்காரர் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் சாப்பிடாமலே இருந்தாள். அழுகிறாளோ என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அழவில்லை, கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது.

“வா, போகலாம்” என்றாள்.

“எங்கே அண்ணி?”

“பேரவைக்கு. படிவம் கேட்டாங்கல்ல, கொடுப்போம்.”

திருத்தப் பிரிவு மேல்மாடியில் கோடியறையில் இருந்தது. கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கு ஓட்டை ஒன்று போட்டிருந்தார்கள். அது இடுப்புயரத்தில் இருந்தது. யாராக இருந்தாலும் குனிந்துதான் பேச முடியும். வயலில் குனிந்து பழகிய முதுகு என்பதால் கிழங்கக்காவுக்குச் சிரமமில்லை. உள்ளே எழுத்தர் ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“இறுதிப் படைப்புல திருத்தமா? யார் கேக்கிறது?”

“நான்தான் சார்.”

“படைப்பாளியா?”

“மனைவி.”

“மனைவிக்கு அதிகாரம் இல்லை. படைப்பாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“அவர் செத்துட்டாரு சார்.”

“அதுக்குச் சான்று இருக்கா?”

கொடுத்தாள். எழுத்தர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை படித்தார். “இறந்துட்டார்னுதான் போட்டிருக்கு. வர மாட்டார்னு எங்கேயும் போடலையே” என்று திருப்பிக் கொடுத்தார்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கிழங்கக்கா அவள் கையை அழுத்தினாள். எழுத்தருக்குப் பின்னால் வரிசையாக இரும்பு அலமாரிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ‘அச்சாகாதவை’ என்று எழுதியிருந்தது. ஒரு அலமாரியின் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் காகிதத்தூள் கொட்டிக்கிடந்தது.

“அதெல்லாம் என்ன சார்?”

“அச்சாகாத படைப்புங்க. பாதுகாக்கிறோம்.”

“அச்சாயிட்டா?”

“அச்சாகி, வெளியீட்டு விழா நடந்துட்டா அது வாசகர் சொத்து. அப்புறம் பேரவை திரும்பிக்கூடப் பாக்காது. விதி முப்பத்தொண்ணு.”

அவள் ஓட்டைக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “அப்போ எங்க கிழங்கையும் வெளியிட்டுடலாமா சார்?”

“வெளியிடறதா? எப்படி?”

“இப்போ உள்ளே இருக்கு. தோண்டி எடுத்தா வெளியே வந்துடும்.”

பிஸ்கட் நனைந்து, இற்று, தேநீருக்குள் விழுந்தது. எழுத்தர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் செயலரே வந்தார். இந்த முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, நாற்காலி போடச் சொன்னார்.

“எத்தனை பேர் வெளியிடலாம்மா?”

“நாப்பத்தஞ்சு வரிசை இருக்கு சார். ஒரு வரிசைக்கு ஒருத்தர் வெளியிட, ஒருத்தர் பெற்றுக்கொள்ள.”

“தொண்ணூறு பேர்” என்றார் செயலர். அவர் குரல் லேசாக உடைந்தது. காரணம் இருந்தது. போன வருடம் நடந்த விழாவில் வெளியிட்டவர் ஒருவர், பெற்றுக்கொண்டவர் ஒருவர். மீதி எண்பத்தெட்டு உறுப்பினர்கள் இன்றுவரை செயலரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “எல்லாரையும் மேடையேத்தற மாதிரி ஒரு படைப்பை எந்த எழுத்தாளரும் இதுவரைக்கும் எழுதலைம்மா. உங்க கணவர் மகான்.”

விதிமுறைகளை அவளே சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். வெளியிடும்போது செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிளற வேண்டும். கிழங்கில் காயம் படக்கூடாது. பெற்றுக்கொள்பவர் மண்ணை உதறிச் சாக்கில் போடவேண்டும். அளவில் சிறியதைத் தனியாக வைக்கவேண்டும். ‘விழா ஒருங்கிணைப்பு உதவியாளர் (தற்காலிகம்)’ என்று அவளுக்கு ஒரு அட்டையும் கொடுத்தார்கள்.

விழா அன்று காலையிலேயே வானம் சாம்பல் பூத்திருந்தது. கார்கள் வந்தபடி இருந்தன. பேரவை நாற்பத்தைந்து புது மண்வெட்டிகளுக்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தது. கிழங்கக்கா வரச்சொல்லியிருந்த சந்தை லாரிக்காரர் சாக்குகளை அடுக்கிக்கொண்டு ஒருபுறம் நின்றார். முதல் வரிசை தலைவருக்கு. அவர் மேடையிலிருந்து இறங்கி, ஒரு கொத்துக் கொத்தி, ஒரே ஒரு கிழங்கை எடுத்து உயர்த்திக் காட்டினார். கைதட்டல் அடங்கியதும் அதைச் செயலர் பெற்றுக்கொண்டார். தலைவர் உடனே மேடைக்குத் திரும்பி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“அமரரின் புத்தகம் ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை” என்று தொடங்கினார். “வாசித்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும். போற்றுகிறவன் நடுநிலையோடு இருக்கவேண்டும். இருபத்தாறு வருடங்களாக, எண்ணூறு அமரர்களை, எந்த முன்முடிவும் இல்லாமல் நான் போற்றியிருக்கிறேன்.”

கீழே மற்ற வரிசைகள் வெளியாகிக்கொண்டிருந்தன. ஆரம்பத்தில் எல்லோரும் தலைவரைப்போல ஒரு கிழங்கோடு நிறுத்திக்கொள்ளத்தான் பார்த்தார்கள். அங்கேதான் நாத்தனார் உதவிக்கு வந்தாள். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் அறுந்துபோன இணைப்புகளின் மறுமுனைக்கு எட்டும்படி பேசிய குரல் அவளுடையது. ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“பத்தாவது வரிசை வெளியீட்டாளர் கவனத்துக்கு. நீங்க பாதியில நிக்கிறீங்க. வரிசையை முழுசா வெளியிடாதவங்க பேரு கல்வெட்டுல வராது.”

கல்வெட்டு என்று ஒன்று திட்டத்திலேயே இல்லை. ஆனால் பத்தாவது வரிசைக்காரர் கோட்டைக் கழற்றி வேலிக்குச்சியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். அவரைப் பார்த்துப் பதினொன்றாமவர் எடுத்தார். ஏழாவது வரிசையைக் கேட்டு வாங்கியிருந்த திறனாய்வாளர் பாறைமேல் மண்வெட்டியை இறக்கிவிட்டு, முழங்கைவரை அதிர்ந்து, சிறிது நேரம் அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் நின்றார். இருபதாவது வரிசையில் உள்ளங்கையளவு கிழங்கு வந்தது. இருபத்தொன்றில் அதைவிடப் பெரியது. அதற்குப் பிறகு யாரையும் யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. மேல்மாடியும் கீழ்மாடியும் முட்டிவரை மண்ணோடு போட்டி போட்டன. “என்னோடதைப் பாருங்க”, “இதைத் தூக்கிப் பாருங்க” என்று வயல் முழுக்கக் குரல். கிழங்கக்கா வரிசைக்கு வரிசை ஓடி, “ஒரு சாண் சார், ஒரு சாண்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்தில் நாற்பத்து நான்கு வரிசைகள் சாக்குக்குள் போயிருந்தன.

தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு மூச்சு வாங்கிய ஒரு சந்தர்ப்பத்தில், “அமரரின் துணைவியார் இரண்டு நிமிடம் பேசுவார்” என்றார் செயலர்.

அவள் மேடையேறினாள். கையில் மண் காய்ந்திருந்தது. எழுதி வைத்துப் பேசுகிற பழக்கம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அவருக்கு விவசாயம் தெரியாது. இந்தக் கிழங்கெல்லாம் நான் நட்டது. அவர் நாற்காலியில உக்காந்திருப்பாரு. ஆனா சாப்பிடும்போது தினமும் கேப்பாரு, இன்னைக்கு மண்ணு எப்படி இருந்துச்சுன்னு. ஈரமா இருந்துச்சுன்னு சொன்னா விட மாட்டாரு. எந்த மாதிரி ஈரம்பாரு. பிழிஞ்ச துணி மாதிரியா, பிழியாத துணி மாதிரியான்னு கேப்பாரு. எனக்கு எரிச்சலா வரும். அவர் கேக்கிறாரேன்னு மறுநாள் மண்ணைக் கையில எடுத்துப் பாப்பேன். இப்பவும் எடுத்துப் பாக்கிறேன். சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை.”

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செயலர் ஒலிபெருக்கியை வாங்கி, “எத்தனை பணிவு பாருங்கள்” என்றார். “தானே நட்டதாக ஒரு கற்பனை. அமரரின் புனைவாற்றல் வீட்டிலும் தொற்றியிருக்கிறது.” மறுபடி கைதட்டினார்கள்.

அப்போது முதல் தூறல் விழுந்தது. ஆளுக்கொரு கிழங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொண்ணூறு பேரும் கார்களுக்கு ஓடினார்கள். லாரிக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கிளம்பினார். காவலர், விதி முப்பத்தொன்றின்படி தன் பணி முடிந்தது என்று சொல்லி, விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனார். கால் மணி நேரத்தில் கொட்டகையும் கயிறும் கிழங்கக்காவும்தான் மிச்சம்.

முதல் வரிசை அப்படியே இருந்தது. தலைவர் எடுத்த ஒரு கிழங்கின் இடம் மட்டும் குழியாக இருந்தது. ரிப்பன் கட்டிய மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, சாக்கைப் பக்கத்தில் போட்டு, அவள் குனிந்தாள். மழை வலுப்பதற்குள் முடித்துவிடலாம். சாக்கைப் பிடிக்க ஒரு கை இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். நாத்தனார் தொண்டை கட்டிப்போய் வீட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் சேறு செருப்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். குடையோடு தலைவர் வந்துகொண்டிருந்தார். கார் தூரத்தில் விளக்கெரிய நின்றது.

“ஒரு விஷயம் கேக்கணும்மா” என்றார். ஒலிபெருக்கி இல்லாதபோது அவருக்குச் சாதாரணக் குரல்தான்.

“கேளுங்க சார்.”

“மேடையில சொன்னீங்களே. அது பணிவா?”

“இல்லை சார்.”

அவர் சற்று நேரம் குடையின் விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். “அப்போ அவருக்கு நிஜமாவே விவசாயம் தெரியாதா?”

“சுத்தமாத் தெரியாது. நல்லா எழுதுவாரு.”

“வெளியே தெரிஞ்சா பேரவைக்குப் பெரிய சிக்கலாச்சே.”

“தொண்ணூறு பேருக்கு முன்னாடி மைக்குலதானே சார் சொன்னேன்.”

“மைக்குல சொல்றதை யாரும்மா கேக்கிறாங்க” என்றார் தலைவர். இருபத்தாறு வருட அனுபவம் அதில் இருந்தது. சொன்னபிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தொய்ந்தது. காரைத் திரும்பிப் பார்த்தார். காரில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை; கிழங்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இப்போ நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டார். கோப்பும் தீர்மானமும் இல்லாமல் அவர் ஒருவரிடம் அப்படிக் கேட்டு எத்தனை வருடமாயிற்றோ.

“குடையை மடக்கி வெச்சுட்டு இந்தச் சாக்கு வாயை விரிச்சுப் பிடிங்க.”

தலைவர் குடையை மடக்கினார். மழை அவர் தலையில் விழுந்தது. சாக்கின் இரண்டு முனைகளையும், பயந்து பயந்து, இரண்டு விரலால் பிடித்தார். அவள் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி நெம்பினாள். ஏழெட்டுக் கிழங்குகள் மண்ணோடு மேலே வந்தன. உதறிப் போட்டாள். பாதி சாக்குக்குள் விழுந்தது, பாதி அவருடைய பாதத்தில் விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் அகலமா, சார்.”

தலைவர் இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தார்.